டெய்லருக்கு நான் போட்ட அரைப் பேர்

எனக்கு எதையும் ஒரே தடவையில் நம்பிப் பழக்கமில்லை. பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பேன். கடைக்காரர் சிரித்துப் பேசினால் சாமானை முகர்ந்து பார்ப்பேன். கச்சேரியில் மிருதங்கக்காரர் தலையாட்டினால், ரசித்துத்தான் ஆட்டுகிறாரா, இல்லை நான் எங்கேயாவது தாளம் விட்டுவிட்டேனா என்று அடுத்த பல்லவி முழுக்க அதே நினைப்பாக இருக்கும். புல்லாங்குழல் வாசித்துப் பிழைத்த மனுஷனுக்கு இது நல்ல குணம் இல்லை. மூச்சைப் பிடித்துச் செய்கிற தொழிலுக்கு மனசு அமைதியாக இருக்க வேண்டும். என் மனசு அப்படி இருந்ததில்லை.

குழல் எனக்கு வந்ததே ஒரு சந்தேகத்தில்தான்.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோரில் எனக்கு வேலை. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை அரைத்துக் காயவைக்கிற சூட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். என் மனைவி மலையில் கொழுந்து எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு ஹட்டன் கடைத்தெருவுக்குப் போனேன். முஸ்லிம் நானா ஒருவரின் பலசரக்குக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் டெய்லர் கடை. படியில் பாதி ஏறும்போது மேலேயிருந்து புல்லாங்குழல் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்துப் போய்ப் படியிலேயே நின்றுவிட்டேன். மரம் கிறீச்சிட்டது. குழல் நின்றது. மேலே போய்ப் பார்த்தால் டெய்லர் மெஷினில் குனிந்து காலர் தைத்துக்கொண்டிருக்கிறார்.

"யாருங்க கொழல் வாசிச்சது?" என்று கேட்டேன்.

"கீழ நானா கடை ரேடியோவா இருக்கும்ணே. அளவு எடுத்துக்கவா?"

நானாவின் ரேடியோ ரிப்பேராகி, அதன்மேல் அவர் உப்பு மூட்டையை வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டெய்லர் டேப்பை என் தோளில் வைத்தபோது அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். கீழுதட்டுக்கு அடியில் சிவப்பாக ஒரு அழுந்தல். இப்போதுதான் ஏதோ ஒன்றை அங்கே வைத்து எடுத்திருக்கிறார். ஏன் இந்த ஆள் மறைக்கிறான் என்று எனக்குக் குறுகுறுத்தது.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். பொத்தான் சரியில்லை, கை நீளம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்வேன். நாலாவது தடவை அவரே மெஷினை நிறுத்திவிட்டு, துணிக் கட்டுக்கு அடியிலிருந்து குழலை எடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களேண்ணே?"

"எனக்குச் சொல்லிக்குடுத்தா சொல்ல மாட்டேன்" என்றேன்.

கெஞ்சுவது போலத்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் அது மிரட்டல்தான். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். குருவை "தம்பி" என்று கூப்பிட வாய் வரவில்லை. "டெய்லர்" என்றே கூப்பிட்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்த விதம் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. கையில் துணி, காலில் மெஷின், வாயில் ஸ்வரம். தீபாவளி நேரத்தில் வேலையை நிறுத்த முடியாது. மிதிகட்டையின் சத்தமே எனக்குத் தாளம். அவர் காலை மெதுவாக்கினால் நான் மெதுவாக்க வேண்டும், வேகம் கொடுத்தால் வேகம். முதல் ஆறு மாதம் குழலில் விரலே வைக்கவிடவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளை நூலைக் கட்டித் தொங்கவிட்டு, "ஊதுங்கண்ணே. நூலு படுத்தபடியே நிக்கணும். ஆடக் கூடாது" என்பார். ஊதுவேன். நூல் பாம்பு மாதிரி நெளியும். தலை சுற்றும். வேண்டுமென்றே அலைக்கழிக்கிறாரோ, கடைசிவரை குழலைத் தராமலே ஏமாற்றப் பார்க்கிறாரோ என்று படியிறங்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு போய் நிற்பேன். ஒருநாள் நூல் பத்து எண்ணும்வரை அசையாமல் நின்றது. அவர் மெஷினை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு எனக்கென்று ஒரு குழல் துளைத்துக் கொடுத்தார். நாலு கட்டைச் சுருதி. இரண்டு முனையிலும் சிவப்புத் தையல் நூல் சுற்றியிருந்தது.

சரளி, ஜண்டை, அலங்காரம், வர்ணம் என்று மூன்று வருஷம் போயிற்று. நாக்கால் "து, து" என்று ஸ்வரத்தைப் பிரிப்பது, துளையைப் பாதி மூடிக் கமகம் கொண்டுவருவது, எல்லாம் அந்த மெஷின் பக்கத்தில்தான். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் வாசித்தால் ஆயிரம் பேச்சு. பக்கத்துக் காம்பராக்காரி, பாம்பு வரும் என்று வாசலில் வெங்காயத் தோலைப் போட்டுப் புகைப்பாள். கணக்கப்பிள்ளை ஒருநாள் ஸ்டோருக்கே வந்து, "என்னா, விடியக்காலையில ஊதுறீயாம்? சங்கத்து ஆளுங்களுக்குச் சிக்னலா?" என்று கேட்டார். அந்த ஊரில் சந்தேகம் எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

டெய்லர் மீது எனக்கிருந்த சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. இவ்வளவு வாசிக்கிற ஆள் ஏன் கோயில் திருவிழாவில் ஒருநாள்கூட வாசிப்பதில்லை? போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு ஏன் போகிறார்? படியில் சத்தம் கேட்டால் முகம் ஏன் வெளுக்கிறது? கடைசியில் கீழ்க்கடை நானாதான் விஷயத்தைச் சொன்னார். டெய்லர் அந்தக் கடைக்குப் பின்னறையில் பிறந்தவர். அவர் அப்பாவும் அதே கடையில்தான் தைத்தார். பிறப்பைப் பதியவில்லை, தோட்டத்தில் இல்லாததால் தோட்டத்துப் புத்தகத்திலும் பேர் இல்லை. இருபது வயதில் குழல் படிக்க ஆசைப்பட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு வருஷம் போனார். திரும்பி வருவதற்குள் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் மாறிவிட்டது. இப்போது குடிவரவு ஆபீஸ் புத்தகத்தில் இருப்பது அவர் கப்பலேறி வந்திறங்கிய நாள் மட்டும்தான். அதைப் பார்க்கிறவர்களுக்கு அவர் இந்தியாவிலிருந்து புதிதாக வந்த ஆள், கள்ளத்தோணி.

"புல்லாங்கொழலு படிக்கப் போயி நாட்டத் தொலைச்சிட்டான் பாவம்" என்றார் நானா.

அவர் சொன்னது உண்மை என்பது எனக்கே தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் அப்பா அந்தக் கடைக்குத்தான் அரை ட்ரவுசர் தைக்கக் கூட்டிப்போனார். மேசைக்கு அடியில் ஒரு பொடியன் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ஊசி விரலில் ஏறிவிட்டது. அழாமல் விரலைச் சப்பிக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தான். அந்த முறைப்பு அப்படியே நினைவிருக்கிறது. அதை ஒருநாள் டெய்லரிடம் சொன்னபோது, விரலைக் காட்டிச் சிரித்தார். தழும்பு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பு ரேடியோவுக்கு வாத்தியக்காரர்களை எடுக்கிறார்கள், சோதனைக்கு வரலாம் என்று அறிவிப்பு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் தேறிவிட்டால் நான் ஸ்டோர் ஆள் இல்லை, வித்துவான். டெய்லர்தான் என்னை எழுதிப்போடச் சொன்னார்.

"நீங்க ஏன் எழுதிப்போடல?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குண்ணே" என்று நூலைப் பல்லால் கடித்தார். விண்ணப்பப் பாரத்தில் பிரஜை விவரம் கேட்பார்கள், என்னைப் போல மனுப் போட்டிருக்கிறது என்றுகூட அவரால் எழுத முடியாது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் புத்தி வேறு பக்கம் போயிற்று. தன்னால் போக முடியாத இடத்துக்குத் தன்னிடம் படித்தவன் போவது எந்த மனுஷனுக்குப் பிடிக்கும்?

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, முனை நூல் பிரிகிறது, எண்ணெயும் விட வேண்டும் என்று சிவப்புக் குழலை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு சத்தமில்லாமல் படியேறினேன். அவர் என் குழலை மேசையில் கிடத்தி, டேப்பை வைத்துத் துளைக்குத் துளை அளந்துகொண்டிருந்தார். பலகையில் சாக்கட்டியால் ஏதோ எண்கள். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையால் அழித்தார். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லண்ணே, பொறகு சொல்றேன்" என்றார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் போனபோது இரண்டு குழல் வைத்திருந்தார். ஒன்று என்னுடைய சிவப்பு. இன்னொன்று புதுசு, நீல நூல் சுற்றியது. இரண்டையும் என் கையில் கொடுக்கும்போதே படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் சட்டை வாங்க வருகிறார். டெய்லர் முகம் செத்துவிட்டது. குழல்களை அவசரமாகத் துணியில் சுற்றி என் கக்கத்தில் சொருகினார்.

"நீலம் கொஞ்சம் கீழ இருக்கும்ணே. பயந்துறாதீங்க. அது கீழ போறதுக்குத்தான்" என்று காதோரம் சொல்லி என்னைப் படியில் தள்ளிவிட்டார்.

லயத்துக்கு வந்து, பஜனைக் கோஷ்டியிடம் இரவல் வாங்கியிருந்த சுருதிப்பெட்டியை எடுத்துவைத்தேன். சிவப்பை ஊதினேன். அச்சாகச் சேர்ந்தது. நீலத்தை ஊதினேன். சேரவில்லை. தெளிவாகச் சுருதி இறங்கி நின்றது. எத்தனை தடவை ஊதினாலும் இறக்கம்தான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"பாத்தியா" என்றேன் மனைவியிடம். "சுதி கெட்ட கொழலச் செஞ்சு கையில குடுத்திருக்கான். கேட்டா, கீழ போறதுக்குத்தானாம். நான் கீழ போறதுக்கு."

அவள் அன்று மலையில் முழு நாளும் நனைந்துவிட்டு வந்திருந்தாள். கொழுந்து நிறை இரண்டு ராத்தல் குறைந்தது என்று கங்காணி அரைப் பேர் போட்டுவிட்டான். அரைப் பேர் என்றால், விடியலிலிருந்து வேலை செய்தவளைப் பாதி நாள் வந்தவள் என்று புத்தகத்தில் எழுதுவது. அந்த எரிச்சலோடு விறகை அடுப்பில் சொருகிக்கொண்டே பேசினாள்.

"மூணு வருசம் ஓசியில சொல்லிக்குடுத்த மனுசன். ஏன் கெடுக்கப் போறாரு? ரெண்டையும் கொண்டு போங்க. அங்க ஊதிப் பாருங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. சாமி நேருல வந்து திருநீறு குடுத்தாலும் நீங்க சாம்பலான்னு கேப்பீங்க."

நான் நீலத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். எங்கள் பக்கத்தில் ரயிலேறிக் கொழும்புக்குப் போவதைக் கீழே போவது என்றுதான் சொல்வோம். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லிவருகிறேன். அன்று அது என் மண்டையில் ஏறவில்லை.

கொழும்பில் சோதனை நடந்த அறையில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு கட்டை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கேற்ற சுருதிப்பெட்டியை வைத்தார்கள். தம்புராவென்றால் முறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியை ஒன்றும் செய்ய முடியாது. கண்ணை மூடி ஸட்ஜத்தைப் பிடித்தேன். அது பெட்டிக்கு மேலே போய் நின்றது. திடுக்கிட்டுத் திரும்பப் பிடித்தேன். மேலேதான். உதட்டைத் துளையின் மேல் சாய்த்து இறக்கப் பார்த்தேன், நாதம் அடைத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் ஏறியது. பாதி வர்ணத்தில், எதிரே இருந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

"ஞானம் இருக்கு. சுருதி இல்லை. சரி பண்ணிக்கொண்டு அடுத்த முறை வாங்கோ" என்றார்.

மூன்று வருஷமாக ஒரு சொட்டுச் சுருதி விலகாத குழல். இரண்டு வாரம் டெய்லர் கையில் இருந்துவிட்டு வந்தது. டேப், சாக்கட்டி, அழித்த எண்கள். ரயில் திரும்ப மலையேறும்போது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். கெட்ட குழலைக் கொடுத்தது போதாதென்று நல்ல குழலையும் கெடுத்துவிட்டான். அழுகை வந்தது. ஹட்டனில் இறங்கி, கடைத்தெருப் பக்கம் திரும்பாமல் நேரே தோட்டத்துக்கு நடந்தேன்.

லயத்தில் மறுபடி சிவப்பை ஊதினேனா என்று நீங்கள் கேட்கலாம். ஊதவில்லை. துணியைப் பிரிக்கவே இல்லை. பிரித்து ஊதியிருந்தால் அது அச்சாகச் சேர்ந்திருக்கும், என் சந்தேகமும் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும். என்னைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் சோதிப்பார்கள், தங்கள் சந்தேகத்தை மட்டும் சோதிக்க மாட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து டெய்லரே தோட்டத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. லயத்துக் கோடியில், ஈரத்தில், குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"கொழும்பு எப்படிண்ணே போச்சு?"

"போச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். விசாரணைக்கு வரச்சொல்லி வந்த கடிதம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்ததற்குச் சாட்சி கொண்டுவர வேண்டும். நானா அப்போது மக்கா போயிருந்தார். வர மாதங்கள் ஆகும். டெய்லருடைய அப்பாவின் காலத்து ஆட்கள் செத்துப்போனார்கள், அல்லது இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க ட்ரவுசர் தைக்க வந்தீங்கல்லண்ணே, அதச் சொன்னாப் போதும். மேசைக்கு அடியில என்னப் பாத்தேன்னு. அவ்வளவுதான்."

"பாப்போம்" என்றேன்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள். "பாப்போம்னா என்ன அர்த்தம்?"

விசாரணை ஹட்டனில் ஒரு மாடி அறையில் நடந்தது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பக்கத்தில் ஒரு கிளார்க் எழுதிக்கொண்டிருந்தார். டெய்லர் வெளியே வராந்தா பெஞ்சில். அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, இவரை உனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார்.

"கொச்சர கல்?"

வாய் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே முடிவில்லை. அந்தப் பெரியவர் கையைத் தூக்கியது கண்ணில் வந்தது.

"மூணு வருசங்க" என்றேன்.

"அதற்கு முன்னால்?"

"தெரியாதுங்க."

கிளார்க் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். முழுசாகப் பொய் சொல்லவில்லை என்றுகூட அந்த நேரத்தில் எனக்கு ஒரு சமாதானம். அவரிடம் படித்தது மூன்று வருஷம்தானே.

வராந்தாவுக்கு வந்தபோது டெய்லர் எழுந்து நின்றார். உள்ளே என்ன சொன்னேன் என்று கேட்பார் என்று நினைத்து மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அன்னைக்குக் கேக்க வாய் வரலண்ணே. கொழும்புல எதை வாசிச்சீங்க? நீலந்தானே?"

"செவப்பு" என்றேன்.

அவர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அய்யோ அண்ணே. இந்தக் குளுருல சேத்த கொழலு அங்க சூட்டுல ஏறிருமே. அதுக்குத்தானே செவப்ப அளந்து நீலத்தத் தனியா செஞ்சேன். இங்க கீழ நின்னாத்தான் அங்க போயிச் சரியா நிக்கும். கீழ போறதுக்குன்னு சொன்னேனே. தஞ்சாவூருக்குக் கொழலோட போன புதுசுல நானும் இப்படித்தான் அவமானப்பட்டேன். அத நீங்க படக்கூடாதுன்னுதான்."

வருஷக்கணக்காகச் சூட்டு அடுப்புக்கும் பனிக்கும் நடுவில் நிற்கிறவன் நான். ஒருதடவை சாப்பாட்டு நேரத்தில் அடுப்போரம் குழலை எடுத்து ஊதியபோது அது வேறு மாதிரி கேட்டதும், என் காதுதான் சரியில்லை என்று வைத்துவிட்டதும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

கதவு நாலடி தூரத்தில் இருந்தது. திரும்ப உள்ளே போய், ஐயா, தவறிப் பேசிவிட்டேன், இவரைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அப்போதும் அந்தப் பாழாய்ப்போன புத்திதான் முன்னால் வந்து நின்றது. என் பிரஜாவுரிமை மனுவும் எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடந்தது. சாட்சியை மாற்றிப் பேசினால் என் பேரையும் குறித்துக்கொள்வார்களோ? என் மனுவையும் தோண்டுவார்களோ? நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் பேரைக் கூப்பிட்டார்கள். டெய்லர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் எதையும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கூடையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள்.

"மூணு வருசம்னா சொன்னீங்க?"

"ஆமா."

"கங்காணிய நாங்க வாயில வர்றதெல்லாம் சொல்லித் திட்டுறோம். நீங்க என்ன செஞ்சிட்டு வந்திருக்கீங்க? ஒரு ஆயுசுக்கு அரைப் பேர் போட்டுட்டு வந்திருக்கீங்க."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

டெய்லரை அந்த மழைக்காலம் முடிவதற்குள் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. கடையை வேறு ஒருவர் எடுத்து வெற்றிலை பாக்கு மொத்த வியாபாரம் வைத்தார். நானா திரும்பி வந்து விஷயம் தெரிந்துகொண்ட பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்ட சாமானை மட்டும் எடுத்துக் கொடுப்பார்.

அடுத்த சோதனைக்கு நீலத்தை எடுத்துப் போனேன். அதே அறை, அதே புழுக்கம். குழல் பெட்டியோடு ஒட்டி நின்றது. அந்தப் பெரியவர் இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை. முழு வர்ணமும், ஒரு கீர்த்தனையும், மேலே கல்யாணியில் ஒரு ஆலாபனையும் வாசிக்கச் சொன்னார். தேறிவிட்டேன். பாரத்தில் குருவின் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே அவர் பேரை எழுதினால் அந்த விசாரணைக் கட்டோடு யாராவது முடிச்சுப் போடுவார்களோ என்று பயந்து, கோடு இழுத்துவிட்டேன். வாய்மொழியாகக் கேட்டபோது கேள்வி ஞானம் என்றேன். பெரியவர் ஆச்சரியப்பட்டு என் முதுகைத் தட்டினார்.

பிறகு ஸ்டோர் வேலையை விட்டேன். ரேடியோவில் வாசித்தேன். கண்டி, மாத்தளை, கொழும்பு என்று கோயில்களிலும் நாட்டியக் கச்சேரிகளிலும் வாசித்தேன். பையில் எப்போதும் இரண்டு குழல்: மேலே மலைக்குச் சிவப்பு, கீழே கொழும்புக்கு நீலம். மற்ற வித்துவான்கள் இதைப் பார்த்து, மலைக்காரனுக்கு என்ன நுணுக்கம் என்று மெச்சுவார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். ரேடியோவில் என் பேரை இனிஷியலோடு முழுசாகச் சொல்லும்போது, லயத்தில் எல்லோரும் கூடிக் கேட்பார்கள். என் மனைவி மட்டும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்ட காலம். அந்த மழையில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து முத்திரை. உள்ளே ஒரு குழல். இரண்டு முனையிலும் வெள்ளை நூல். கடிதம் இல்லை. துணியை உதறிப் பார்த்தேன், அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

எனக்குத்தான் தெரியுமே, என்னைப் பற்றி. உடனே ஆரம்பித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்கிறாரா? குத்திக் காட்டுகிறாரா? ரேடியோவில் என் பேரைக் கேட்டிருப்பாரோ? பாரத்தில் கோடு இழுத்தது யார் மூலமாவது தெரிந்திருக்குமோ? நாலு நாள் அதைத் தொடாமல் அலமாரி மேல் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை மனைவி அதை எடுத்து என் மடியில் போட்டாள்.

"சந்தேகப்பட்டது போதும். ஊதிப் பாருங்க."

வெளியே பனி இறங்கிக் கிடந்தது. வாயில் புகை வருகிற குளிர். சுருதிப்பெட்டியை வைத்து ஊதினேன். சேர்ந்தது. ஒரு மயிரிழை விலகல் இல்லை. இரண்டு தடவை, மூன்று தடவை பிடித்துப் பார்த்தேன். நல்ல குழல் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. இங்கே சேர்கிற குழல் தஞ்சாவூரில் சேராது. அந்த வெயிலில் அது எகிறிக்கொண்டு நிற்கும். அங்கே உட்கார்ந்து, தன் காதுக்குத் தப்பாகக் கேட்கிற ஒரு குழலை, எனக்குச் சரியாக இருக்கும்படி துளைத்து அனுப்பியிருக்கிறார். இந்த மலைக் குளிர் ஒரு மூங்கிலை எவ்வளவு இறக்கும் என்பதை அங்கே எந்த டேப்பும் சொல்லாது. அது கையில் இருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் ஒரு கைக்கு அது வராது.

அன்று அந்த அறையில் அதிகாரி கேட்ட அத்தாட்சி இப்போது என் மடியில் கிடந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை.

"சேருதா?" என்று அடுப்பு முன்னாலிருந்து மனைவி கேட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. கொச்சர கல், எவ்வளவு காலமாகத் தெரியும் என்று அந்த அதிகாரி கேட்டாரே, அதற்குத்தான் சொன்னேன்.

"பொறந்ததுலேர்ந்துங்க" என்றேன்.